நாய்க்குட்டியும் அதன் எசமானரும்

இத்தாலிய மோட்டார் சைக்கிள் என்றதும் செந்நிறப் பந்தய வண்டியும் அதன்மேற் குனிந்து விரையும் வீரனுமே நம்மிற் பலரது மனக்கண்ணில் எழுகின்றனர். டுக்காட்டி என்னும் பெயர் இன்று செல்வர்தம் விருப்புக்குரியதாகிவிட்டது. ஆயின் அப்பெயரோடு வந்த முதல் இயந்திரம் ஓடியது உழைப்பாளியின் பழைய சைக்கிளிலேயாம்.

பொலோஞா நகரில் 1926ஆம் ஆண்டு வானொலி உறுப்புகள் செய்யவெனத் தோன்றிய நிறுவனம் அது. 1944 ஒக்டோபரில் நேசநாடுகளின் குண்டுவீச்சு அதன் ஆலையைச் சிதைத்தது. போர் ஓய்ந்த இத்தாலியில் வேலைக்குச் செல்லச் சைக்கிளொன்று இல்லாதவன் பட்ட பாட்டை, டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' (1948) திரைப்படத்தைப் பார்த்தோர் மறந்திரார். துரின் நகரத்து வழக்கறிஞர் அல்டோ பரினெல்லி உருவாக்கி, அந்நகரின் சியாற்றா நிறுவனம் முதலில் விற்ற 48 கன சென்டிமீற்றர் இயந்திரத்தை 1946இல் டுக்காட்டி செய்யத் தொடங்கிற்று. அதன் பெயர் 'குச்சோலோ'. நாய்க்குட்டி என்பது பொருள். புகைக்குழாயின் குரைப்பொலி தந்த பெயர் அது. 1950 அளவில் 200,000க்கு மேற்பட்டவை விற்பனையாயின.

வாங்கியவன் பெற்றது முழு வண்டியன்று. இயந்திரத்தைத் தன் சைக்கிளின் மிதியச்சிலே பொருத்திக்கொள்ள வேண்டும். கியர்கள் இரண்டு, மிதிகட்டைகள் நிற்கும் நிலையே கியரைத் தெரிவுசெய்தது. வால்வுகளைத் திறந்தவையோ தள்ளுகோல்களல்ல, இழுகோல்கள். (இத்தனை நுட்பத்தை 48 கன சென்டிமீற்றருக்குள் அடக்கியவர் வழக்கறிஞர் என்பது நமக்கு இன்றும் வியப்பே.) ஆனால் மனித மிதிப்புக்கென அமைந்த சட்டகம் இயந்திரத்தின் அதிர்வைத் தாங்குமா? தாங்காதவிடத்துக் கம்பியொன்றைப் பித்தளையால் ஒட்டி வலுவூட்ட வேண்டியிருந்தது. அவ்வாறு உடையவன் கைபட்ட வண்டி, அடுத்த வீட்டான் வண்டியை ஒத்திருக்க நியாயமில்லை.

இன்று அவ்வண்டிகளைத் தேடி வாங்குவோரின் ஆர்வத்தை நாம் பழிக்கவில்லை. அவர்கள் இல்லையேல் பல பழைய இரும்புக் கடைக்கே போயிருக்கும். ஆயினும் 'ஆலையிலிருந்து வந்த நிலைக்கு மீட்கிறோம்' என்று சொல்லி, ஒட்டிய கம்பியை அறுத்து, வீட்டிலே பூசிய வர்ணத்தைச் சுரண்டி, பளபளக்கும் புதுப்பூச்சு ஏற்றுவோரை என்னென்பது? எந்த ஆலை? இயந்திரம் ஆலையினது, வண்டியோ அதனை ஓட்டிப் பிழைத்தவனது. பட்டயமும் கல்வெட்டும் அவனுக்கு இல்லை. கோணலான அந்த ஒட்டே அவன் விட்டுச்சென்ற கையெழுத்து.

இயந்திரத்தின் தேய்ந்த வளையங்களை மாற்றுக, எண்ணெயிடுக, ஓடவிடுக. அரத்தைச் சட்டகத்தின்மேல் வைக்குமுன் மட்டும், அந்த ஒட்டைப் போட்டவன் எவன், எந்த ஆலைக்கு அதில் நாள்தோறும் போய்வந்தான் என்று விற்றவரிடம் ஒருமுறை கேட்டு எழுதிவைக்கலாகாதா?