ஏழுபேர் ஒப்பம்

பதிவுபெறாத குழுவுக்கு அரசு மானியம் கிட்டுவது அரிது. ஏழுபேர் ஒப்பமிட்டாற் சங்கம் பதியலாம் என்றது 1860ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 20ஆம் பிரிவு அறம், அறிவியல், இலக்கியம், நுண்கலை, நூலகம் என அடுக்கியது, விளையாட்டைச் சுட்டவில்லை! அன்றைய துரைமார்க்குப் பந்தாட்டம் பொழுதுபோக்கே போலும். தமிழகம் 1975ஆம் ஆண்டு தன் சட்டத்தில் விளையாட்டையும் பெயர்சொல்லிச் சேர்த்தது. தாயகம் முந்தியதில் நமக்கொரு பெருமிதம். விளையாட்டு வளர்ப்பும் அறநோக்கமே என மத்திய நேரடி வரி வாரியம் சுற்றறிக்கை விடுத்தது 1984இல்தான். 2014 ஏப்ரல் முதல் பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் ஊரக விளையாட்டுப் பயிற்சிக்கு உரியதாயிற்று.

வழி திறந்தும் திடற்பிள்ளைகள் வெளியே நிற்பானேன்? பதிவுச் சான்று, தணிக்கைக் கணக்கு, பயன்பாட்டுச் சான்று ஆகியவற்றை எழுதித்தர ஆளில்லை. கோப்புகளோடு வாழும் நம்மில் பலர்க்கு அவை ஒரு மாலைநேர வேலை.