ரீல் இல்லாத தூண்டில்

உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிக்கரையில் தூண்டில் போடும் பசங்களிடம் ரீல் கிடையாது. மூங்கில் கழி, நைலான் நரம்பு, முள், அவ்வளவுதான். இந்தக் கூட்டணி ரொம்பப் பழசுங்க.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு பாண்மகனின் தூண்டிலைக் காட்டுகிறார்: நீண்ட மூங்கில் கழி, நுனியில் இறுக்கிக் கட்டிய கயிறு, வளைந்த இரும்பு முள், இரைக்குப் பச்சை இறைச்சி போட்ட தோல்பை.

கயிறு நுனியோடு முடிவதால், மீன் இழுத்தால் விட்டுக்கொடுக்க வழியில்லை. கழிதான் வளைந்து தாங்கணும். ரீல் செய்வது அந்த விட்டுக்கொடுப்பைத்தான். ரீலைக் காட்டும் பழைய ஓவியம் சீனாவின் மா யுவான் வரைந்தது, சுமார் 1195.

பாட்டில் வாளை இரையைக் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. அப்புறம் கரையோரப் பிரம்பின் நிழல் ஆடினாலே மிரள்கிறது. ஆக, புதுசா தொடங்குறவங்க கடைக்குப் போகுமுன், நிழல் தண்ணியில் விழாம நிற்கப் பழகலாம்.