கோள் பாதுகாப்பு

பூமியின் மீது மோதக்கூடிய சிறுகோள்களையும் வால்மீன்களையும் முன்கூட்டியே கண்டறிந்து, பாதையைக் கணித்து, தேவையானால் திசைதிருப்பும் பணி கோள் பாதுகாப்பு எனப்படுகிறது. இதில் திசைதிருப்புவதைவிடக் கடினமானது, வருவதை உரிய காலத்தில் கண்டுகொள்வதுதான்.

2013 பிப்ரவரி 15 காலை, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் ஏறக்குறைய 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் வெடித்துச் சிதறியது. சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியிலும் அது சிக்கவில்லை. கண்கூசும் ஒளியைப் பார்க்க மக்கள் ஜன்னலோரம் ஓடினர். ஓரிரு நிமிடங்கள் கழித்து வந்த அதிர்வலை அந்த ஜன்னல்களை நொறுக்கியது. சுமார் 1,500 பேர் மருத்துவ உதவி நாடினர். பெரும்பாலானவை கண்ணாடிச் சில்லுகளால் ஏற்பட்ட காயங்கள். நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர் தம் மாணவர்கள் 44 பேரையும் மேசைகளுக்கு அடியில் பதுங்க வைத்தார். பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை. நின்றுகொண்டிருந்த அவருடைய கை கிழிந்தது. ஒரு நிமிட முன்னெச்சரிக்கைக்கே அவ்வளவு பலன்.

பூமிக்கருகே வரும், 1 கி.மீ.க்கு மேற்பட்ட சிறுகோள்களில் பெரும்பாலானவை பட்டியலில் ஏறிவிட்டன. ஒரு மாநகரையே அழிக்கவல்ல, 140 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் 90 விழுக்காட்டைக் கண்டுபிடிக்க அமெரிக்க நாடாளுமன்றம் 2005-இல் இலக்கு வைத்தது. இன்னும் பாதிகூட அகப்படவில்லை. பல சிறுகோள்கள் கரிபோல் கறுத்தவை. ஒளியை மிகக் குறைவாகவே எதிரொளிக்கும். அவற்றின் வெப்பத்தைக் கொண்டு தேட, நாசா அகச்சிவப்பு விண்தொலைநோக்கி ஒன்றை உருவாக்கிவருகிறது.

கண்டுபிடித்த உடனே பாதை துல்லியமாகத் தெரிந்துவிடாது. 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032-இல் பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரியில் 3.1 விழுக்காடு வரை ஏறி, சில நாள்களில் ஏறக்குறைய இல்லாமல் போனது. கணிப்பு பிசகியதாக இதைக் கொள்ளக் கூடாது. அவதானிப்புகள் சேரச்சேரச் சிறுகோள் வரக்கூடிய பரப்பு சுருங்கும். அதற்குள் பூமி இருக்கும்வரை விழுக்காடு ஏறும், வெளியே விழுந்ததும் சட்டெனச் சரியும்.

திசைதிருப்ப முடியும் என்பது 2022 செப்டம்பர் 26 அன்று மெய்ப்பிக்கப்பட்டது. நாசாவின் டார்ட் விண்கலம் நொடிக்கு 6 கி.மீ. வேகத்தில், சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது மோதியது. டிடிமாஸ் என்ற பெரிய சிறுகோளைச் சுற்ற டைமார்ஃபஸ் எடுத்துக்கொண்ட 11 மணி 55 நிமிடத்தில் அரைமணிக்கு மேல் குறைந்தது. சிதறிய பாறைத்துகள்கள் பின்னோக்கிப் பீறிட்டு, தள்ளலின் வலுவைப் பெருக்கின.

ஆனால் இத்தகைய தள்ளல் மிகச் சிறியது. ஒரு சிறுகோளின் வேகத்தை நொடிக்கு 1 செ.மீ. மாற்றினால், எளிய கணக்கில், பத்தாண்டுகளில் அது சுமார் 3,000 கி.மீ. விலகும். ஓராண்டே மிச்சமிருந்தால் விலகல் 300 கி.மீ.தான், பூமியின் விட்டமோ 12,700 கி.மீ.