பத்திரத்தில் ஒரு வெற்றுக் கட்டம்

ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், சுதந்திர தினத்தையொட்டி ஒன்பதாம் தரத்துக்கு ‘எனது நாடு’ என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். உடப்புசல்லாவை பஸாரில் கடை வைத்திருந்த ஒருவரின் மகன் எழும்பி, “சேர், வாப்பாட வாப்பா தொண்டியில பிறந்தவராம். அதையும் எழுதலாமா, எழுதினாப் பிழையா?” என்றான். வீட்டில் ‘அத்தா’ என்று கூப்பிடுகிற பிள்ளை. வகுப்பில் மட்டும் ‘வாப்பா’.

அந்தத் தயக்கத்தின் வேரை அவனுடைய பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலேயே காணலாம். பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயர், ஆண்டு, இடம் எழுத ஒரு கட்டம். தகப்பன் இங்கே பிறக்காமல் பூட்டனார் பிறந்திருந்தால் அதற்கும் ஒரு கட்டம். நம் எல்லாருடைய பத்திரத்திலும் இருப்பவைதாம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அங்கே குந்திக்கொண்டிருக்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்தவருக்கு இங்கு பிறந்தது மட்டும் போதவில்லை. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் பிறந்தவர் பாட்டனுடைய எந்தக் காகிதத்தைக் காட்டுவார்?

அடுத்த ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கான சட்டம் வந்தது. 1946 ஜனவரிக்கு முன் மணமானவர் 7 ஆண்டும், ஏனையோர் 10 ஆண்டும் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். 8 இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. பதிவு பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம். பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஆடு மாடு பங்குபோடுவது போல. இங்கே ‘கள்ளத்தோணி’ என்று ஏச்சு வாங்கியவர்கள் நீலகிரிக்குப் போனதும் ‘சிலோன்காரர்’ ஆனார்கள். நாடற்றோராய் எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை விடிவில்லை.

“அது தோட்டத் தமிழர்ட கதைதானே, நமக்கென்ன?” என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. 1911 குடிசன மதிப்பீட்டை எடுத்துப் பாருங்கள். தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்த அதே பதிவு, சோனகரையும் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று பிரித்தது. ஊரில் பின்னவர்களைச் ‘சம்மாங்காரர்’ என்பார்கள். 1915 கலவரத்துக்கு முன்னோடியாக இருந்தது, கம்பளையில் அவர்களுடைய பள்ளிவாசலைப் பெரஹரா கடப்பது பற்றிய தகராறுதான். அடி விழுந்தபோது இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று பார்த்து விழவில்லை. ஆனாலும் அதன் பிறகு, ‘நாங்கள் வேறு, அவர்கள் வேறு’ என்ற பேச்சு நம்மிடையே வலுத்தது. றாசிக் பரீத் ‘இலங்கைச் சோனகர்’ என்ற பெயரை வலியுறுத்தினார், மலாயரான ரி. பி. ஜாயா ‘முஸ்லிம்’ என்ற பெயரை முன்வைத்தார். பரீதின் அச்சம் எனக்கு விளங்குகிறது. அந்நியர் என்ற பழி எவ்வளவு ஆபத்தானது என்பதை 1915 காட்டியிருந்தது. ஆனால் அந்த அச்சத்தின் விலையைக் கொடுத்தது, நம்மோடு ஒரே சஃப்பில் நின்று தொழுதவர்கள்.

சம்மாங்காரரின் பேரப்பிள்ளைகள் பலர் இனம் என்ற இடத்தில் ‘இலங்கைச் சோனகர்’ என்று எழுதிக்கொண்டார்கள். மலையகத் தமிழர் பலர் ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதியதும் இதே காரணத்தால்தான். சும்மா சொல்லக் கூடாது, பிழைப்புக்கு அது உதவியது. வீட்டுக் கதைகள்தாம் வெளியே வராமற் போயின.

அந்தப் பையனை எழுதச் சொன்னேன். இரண்டு பக்கம் எழுதினான். பாட்டன் தோட்டத்துச் சனங்களுக்குக் கடனுக்கு அரிசி கொடுத்தது, பெயர் பெயராய்க் கணக்கு எழுதிய கடன் கொப்பி, அவரை அடக்கிய இந்த ஊர் மையவாடி எல்லாம் அதில் இருந்தன. மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்து, உரக்க வாசிக்கச் சொன்னேன். ‘அத்தா’ என்றே வாசித்தான்.