முன்றிலும் முற்றமும்

சங்கரன்கோவிலில் மனை வாங்கி வீடு கட்டப் புகும் ஒருவர், முதலில் அறைகளைக் கணக்கிட்டுக்கொண்டு, மிஞ்சிய நிலத்தை வெளியாக விடுவதே இக்காலத்து வழக்கமாகிவிட்டது. ஆனால் அவ்வெளிக்கு நம் முன்னோர் இட்டு வழங்கிய பெயரோ இதற்கு நேர்மாறானதொரு முறைமையைத் தன்னுள் கொண்டிருக்கிறது. இல்லத்தின் முன்னிடம் ‘இல்முன்’ என்றிருக்க வேண்டியது, முன்பின்னாகத் திரிந்து ‘முன்றில்’ என்றாயிற்று. தொல்காப்பியர் இதற்கென்றே ஒரு நூற்பா இயற்றி, ‘முன்’ என்பதற்கும் ‘இல்’ என்பதற்கும் நடுவே றகர ஒற்றுத் தோன்றுவது பழைய மரூஉ என்று அமைதி கூறினார். பிற்காலத்தார் இதனை இலக்கணப்போலிக்கு உதாரணமாக்கினர். இலக்கணத்தில் போலியாயினும், மனையில் நூல் பிடிக்கிறவனுக்கு இதுவே இயல்பான வரிசை என்பது என் அபிப்பிராயம்: முன் முதலில், இல் பிறகு.

‘முற்றம்’ என்பதும் இந்த ‘முன்’ என்னும் வேரிலிருந்தே கிளைத்தது. தெலுங்கில் வீட்டு முன்னிடம் ‘முங்கிலி’. மலையாளத்தில் ‘முற்றம்’ இன்றும் வெளிவாசலையே குறிக்கிறது. யாழ்ப்பாணத்தாரின் முற்றமும் அதுவே. நம் தென்பாண்டிப் பேச்சில் ‘முத்தம் தெளிக்கணும்’ என்றால் தெருவாசலில் சாணநீர் தெளிப்பதாகப் பொருள்.

பத்துப்பாட்டில் இவ்விரு சொற்களும் வெவ்வேறு வகையான வாழ்க்கையைக் காட்டி நிற்கின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில், ஈந்தின் இலையால் வேய்ந்த எயினர் குடிலின் முன்றிலில், பிற மான்களை ஈர்க்கப் பழக்கிய பார்வைமானைக் கட்டிய விளாமரத்தின் நிழலில், நிலத்தில் குழித்த உரலிலே பெண்கள் புல்லரிசி குற்றுகிறார்கள். அங்கே குடில் உறங்குவதற்கு மட்டும், வாழ்வதெல்லாம் முன்றிலில். நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடையிலோ, நண்பகலில் நிழல் பார்த்துத் திசை கண்டு, கயிறிட்டு அளந்து எழுப்பிய அரண்மனையின் வாயிலைக் கடந்த பின்னரே மணல் பரப்பிய முற்றம் வருகிறது. நிலாவை அனுபவிப்பதற்கென்று வேறொரு வெண்முற்றமும் அங்குண்டு. வாயிலுக்கு வெளியே கிடந்த வெளி, செல்வம் வளர வளர வாயிலுக்கு உட்புறம் சென்று சேர்ந்துவிட்டது.

உள்ளே சென்றதற்குச் செல்வம் மட்டுமே காரணமென்று சொல்ல நான் துணியமாட்டேன்; நிலத்தின் சுபாவத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்று, தன் ஈரத்தையெல்லாம் குற்றாலத்துச் சாரலிலேயே செலவழித்துவிட்டு, சங்கரன்கோவில் பக்கம் வரும்போது புழுதியை மட்டுமே சுமந்து வருகிறது. ஆடித்தபசுக்குச் சங்கரநாராயணர் சந்நிதியில் கூடும் ஜனங்களில் இக்காற்றை அறியாதவர் இரார். மழையோ எதிர்த்திசையிலிருந்து, ஐப்பசி, கார்த்திகையில்தான் முக்கியமாகக் கிடைக்கிறது. இத்தகைய பிரதேசத்தில், நான்கு புறமும் தாழ்வாரம் சூழ, நடுவில் ஆகாயத்துக்குத் திறந்த முற்றம் வைத்த வீடு, புழுதிக்காற்றுக்குப் புறங்காட்டிக்கொண்டே வெளிச்சத்தையும் மழைநீரையும் மேலிருந்து பெற்றுக்கொள்ளுகிறது. திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் இதற்கு ‘வானவெளி’ என்று அழகானதொரு பெயர் வழங்கிற்று. செட்டிநாட்டார் இதனை வளவு என்பர். நெல்லையிலோ வளவு என்றால் பல குடித்தனங்கள் ஒரே வாசலுக்குள் இருக்கும் இடம்.

இவ்விடத்தில் அங்கணத்தின் கதையைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. வடமொழியில் அங்கணம் என்பது முற்றமே. இந்தியில் ‘ஆங்கன்’ என்று அது இன்றும் கௌரவத்தோடு வாழ்கிறது. தமிழிலோ, பாத்திரம் கழுவிய நீரும் கால் கழுவிய நீரும் சேருமிடமாக அது இழிந்துபோயிற்று. அவையறிதல் அதிகாரத்தில், தகுதியற்றோர் முன் பேசுவதை அங்கணத்தில் கொட்டிய அமிழ்துக்கு வள்ளுவர் ஒப்பிடுகிறார். அதற்குத் தூய்மையில்லாத முற்றம் என்றே பரிமேலழகர் பொருள் உரைப்பதால், சொல் சரிந்த வழியில் ஒரு படி நமக்குத் தென்படுகிறது. நம் ஊர்ப்புறத்தில் ‘அங்கணக்குழி’ என்றால் குழந்தைக்கும் தெரியும். அது ஒரு காலத்தில் முற்றமாயிருந்தது என்பது மட்டும் பெரியவர்களுக்கும் தெரியாது.

மலையாளத்தார் உள்வெளியை ‘நடுமுற்றம்’ என்றும், சிங்களர் ‘மெத மிதுல’, அதாவது நடுவிலுள்ள முற்றம், என்றும் அடைமொழி சேர்த்தே அழைக்கிறார்கள். இவ்விரு நாடுகளிலுமே சென்ற நூற்றாண்டில் நிலத்தை முன்வைத்து வீட்டைப் பின்வைத்த இரு கட்டடக் கலைஞர்கள் தோன்றினர். ஜெஃப்ரி பாவா (1919–2003), கொழும்பு நகரத்து மனையொன்றில், 1960-களின் தொடக்கத்தில் ஈனா த சில்வாவுக்காகக் கட்டிய இல்லத்தை ஒரு நடுமுற்றத்தைச் சுற்றியே வகுத்தார். பிற்காலத்தில் அவ்வீடு பெயர்த்தெடுக்கப்பட்டு லுனுகங்கவில் மறுபடி நிறுவப்பட்டது. மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் (1917–2007) தம் இல்லத்தைப் பாறைச் சரிவொன்றின் மீது, சரிவைச் சமப்படுத்தாமல் அதன் போக்கிலேயே படிப்படியாக அமைத்தார். மனையிலுள்ள மரத்தை வெட்டுவதினும் சுவரை வளைப்பதே அவருக்கு உசிதமாகத் தோன்றிற்று. செவலும் கரிசலும் மாறி மாறிக் கிடக்கும் நம் நிலத்துக்கு அவர்களுடைய உருவங்களை அப்படியே கொண்டுவருவது பொருந்தாது. மழையில் உப்பி, கோடையில் பாளம்பாளமாக வெடிக்கும் கரிசல், அஸ்திவாரத்தைப் பற்றித் தனக்கென்று ஒரு நியாயம் வைத்திருக்கிறது. கொள்ளத்தக்கது அவர்கள் தொடங்கிய இடம்.

தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் வீட்டின் முன்புறம் இவ்வளவு இடம் விடவேண்டுமென்று விதிக்கத்தான் செய்கின்றன. ஆனால் அதற்குப் பேச்சில் வழங்கும் பெயர் ‘செட்பேக்’. வீடு எத்தனை அடி பின்வாங்கிற்று என்பதையே அச்சொல் சொல்லுகிறது, முன்னால் கிடக்கும் வெளியைப் பற்றி ஒன்றும் சொல்லுவதில்லை. அவ்வெளியிலும் பாதியைத் தண்ணீர்த் தொட்டியின் மூடியும், மீதியை மோட்டார் சைக்கிள் ஏறும் சரிவும் எடுத்துக்கொள்ளுகின்றன.