எள்ளுப்பாட்டி எந்த ஊர்?

வலியசாலையில் வாழ்வோர்க்கு வரலாறு வாசற்படியிலேயே கிடைக்கும். முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி கூறும் காந்தளூர்ச் சாலை இவ்விடமே என்பது அறிஞர் பலர் துணிபு. ஆயிரம் ஆண்டுகட்கு முந்திய மன்னனை அறிந்த நாம், நூறாண்டுகட்கு முன் நம் வீட்டு அடுக்களையில் நின்ற பெண்மணியை அறிவோமா? இவ்வினா என்னுள் எழுந்த வகையை முதற்கண் கூறுகிறேன்.

தந்தையார் மறைந்தது முதல் அமாவாசைதோறும் எள்ளும் நீரும் இறைத்து வருகிறேன். தாயார் உயிருடன் இருக்கும்வரை, பெண்கள் வரிசையில் தந்தையின் தாய், அவர் மாமியார், அவர்தம் மாமியார் என மூவர் பெயரைச் சொல்வது எங்கள் முறை. தாய் மறைந்தால் அவர் பெயர் முதலில் சேரும். மூவர்க்கே இடமாதலின் கடைசிப் பெயர் விடுபடும். என் தாயார் மறைந்தபின் சாஸ்திரிகள் புதிய வரிசையைச் சொல்லித்தர, நானும் சொன்னேன். வீடு திரும்பிய பின்னரே, எள்ளுப்பாட்டியின் பெயர் என் வாயிலிருந்து அன்றோடு நீங்கிவிட்டது என்பது உறைத்தது.

பெயரையாவது அறிந்திருந்தோம். அவர் பிறந்த ஊர் எது? எவர் மகள்? மந்திரத்தில் அவர்க்குரிய கோத்திரம் கணவருடையதே. பிறந்தகத்திற்கு அங்கே இடமில்லை.

இத்தகைய தேடலில் பேரார்வம் உடையவர்கள் அமெரிக்கர்கள். 1845இலேயே பாஸ்டன் நகரில் குடிவழி ஆராயச் சங்கம் கண்டவர்கள். ஆயினும் சென்ற நூற்றாண்டுக்கு முற்பட்ட எளிய பெண் ஒருத்தியைத் தேடுவது அவர்கட்கும் அரிதே. 1790 முதல் 1840 வரை எடுத்த குடிமதிப்புகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மனைவியும் மக்களும் வெறும் எண்ணிக்கை. 1850இல்தான் அடிமையல்லாதார் ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பிறந்த மாநிலமும் ஏடேறின. அடிமைகளாய் இருந்தோரின் பெயர்கள் 1870 வரை காத்திருந்தன. 1890ஆம் ஆண்டின் ஏடுகளோ 1921இல் நேர்ந்த தீவிபத்தினால் பெரும்பாலும் அழிந்தன. அன்றியும், மணமான பெண் கணவரின் குடிப்பெயரை ஏற்பதால் பிறந்தகத்துப் பெயர் மறைந்துபோகும்.

ஆகவே ஆய்வோர் திருமணப் பதிவையும், கல்லறை எழுத்தையும், குடும்ப விவிலியத்தின் தாள்களில் எழுதிவைத்த பிறப்பு இறப்புக் குறிப்புகளையும் நாடுவர். அமெரிக்க விடுதலைப் போர் வீரர்களின் கைம்பெண்கள் ஓய்வூதியம் பெறத் தம் மணத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. சிலர் அந்த விவிலியத் தாளையே கிழித்து மனுவுடன் இணைத்தனர். குடும்ப ஓய்வூதியக் கோப்புகளோடு பழகும் எழுத்தனாகிய எனக்கு இச்செய்தி புதுமையன்று. ஓரங்களில் மஞ்சள் தடவிய பழைய திருமண அழைப்பிதழை அம்மையார் ஒருவர் நடுங்கும் கையால் நீட்டும்போதெல்லாம் அத்தாள் நினைவுக்கு வரும்.

நம் மொழியோடு தொடர்புடைய ஓர் அமெரிக்கப் பெண்மணியைச் சான்றாகக் கொள்வோம். 1862இல் சென்னையில் வெளிவந்த தமிழ் அகராதியால் புகழ்பெற்ற மைரன் வின்சுலோவின் முதல் மனைவி ஹாரியட், கனெக்டிகட் மாநிலத்து நார்விச்சில் 1796இல் லாத்ராப் என்னும் குடியிற் பிறந்தவர். 1819இல் மணம் புரிந்து, மறு ஆண்டு யாழ்ப்பாணம் சேர்ந்தார். உடுவிலில் 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப்பள்ளியை நடத்தி, 1833இல் மறைந்தார். அவர் மகளின் பெயர் ஹாரியட் லாத்ராப் வின்சுலோ. அம்மகள் சென்னையில் சமயப்பணி புரிந்த ஜான் வெல்ஷ் டல்லஸ் என்பாரை மணந்தார். இவ்விருவரின் பேரரே 1953 முதல் 1959 வரை அமெரிக்க வெளியுறவுச் செயலராக விளங்கிய ஜான் பாஸ்டர் டல்லஸ். நம் பிள்ளைகள் பலர் சென்றிறங்கும் வாஷிங்டன் விமான நிலையம் அவர் பெயரையே தாங்குகிறது. லாத்ராப், வின்சுலோ, டல்லஸ் எனக் குடிப்பெயர் மாறிக்கொண்டே சென்றாலும், மகளின் பெயர் நடுவே நின்ற அந்த ஒரு சொல் உடுவிலிலிருந்து நார்விச்சுக்கு வழிகாட்டுகிறது.

ஹாரியட்டின் வாழ்வைக் கணவர் நூலாகவும் எழுதினார். எளிய குடும்பத்துப் பெண்ணுக்கு நூல் ஏது? ஆயினும் பெயருக்குள் பெயரைப் பொதிந்துவைக்கும் வழி எவர்க்கும் உண்டு. மூத்த பேத்திக்குத் தந்தைவழிப் பாட்டியின் பெயரிடும் நம் வழக்கமும் அத்தகையதே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். திருவிதாங்கூரில் 1875இல் எடுத்த குடிமதிப்பின்படி மக்கள்தொகை 23,11,379. எங்கள் வீட்டாரும் அவ்வெண்ணுள் அடங்குவர். அச்சிட்ட அறிக்கை தருவது தொகையே, பெயர்களை அன்று. கல்வெட்டுகளை ஆராய்ந்து வேணாட்டு மன்னர் வரிசையைத் துலக்கிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை (1855–1897) இந்நகரில் வாழ்ந்த தமிழர். அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளிலும் அன்னை மாடத்தி அம்மாள் பெரும்பாலும் ஒரு பெயராகவே நிற்கிறார்.

எங்கள் தேடல் பரணில் பயன் தந்தது. பொங்கலுக்கு மட்டும் இறக்கும் வெண்கலப் பானையைப் புளியிட்டுத் துலக்கியபோது, கழுத்தருகே புள்ளி புள்ளியாய் வெட்டிய எழுத்துகள் தெரிந்தன: ஊரைக் குறிக்கும் ‘கல்லிடை’ என்பதும், ஒரு பெயரின் முதலெழுத்தும். சீர்ப் பாத்திரத்தில் பிறந்தகத்தார் பெயர் வெட்டிக் கொடுப்பதுண்டு. எண்பது வயது கடந்த என் அத்தையிடம் காட்டினேன். அவர் அவ்வெழுத்தைத் தடவிப் பார்த்து, “அந்தப் பாட்டி தாமிரபரணித் தண்ணியையே சொல்லிண்டிருப்பாளாம்டா. கிள்ளியாத்துத் தண்ணி கடைசிவரைக்கும் பிடிக்கலையாம்” என்றார்.

ஒரு பானை முழுச்சான்று ஆகாது. வேறொரு மருமகள் கொணர்ந்ததாகவும் இருக்கலாம். எனினும் பானையின் எழுத்தும் அத்தையின் சொல்லும் கல்லிடைக்குறிச்சியையே சுட்டுகின்றன. இவ்வளவு காலமும் நான் அத்தையைக் கேட்கவில்லை என்பதே என் குறை.

திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் இந்நகர் வந்த குடும்பங்களில் ஆடவர் ஏன் வந்தனர் என்பதற்குக் கதைகள் உண்டு: கோயிற்பணி, அரண்மனை வேலை, வாணிகம். உடன்வந்த பெண்கள் எதை விட்டு வந்தனர் என்பதைக் கேட்டு எழுதுவார் குறைவு. அன்பர்கள் ஒரு குறிப்பேடு வாங்கி, தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி ஒவ்வொருவர்க்கும் பெயர், பிறந்த ஊர், தந்தை தாய் பெயர் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டுகிறேன். வீட்டு மூதாட்டியரை இன்றே கேளுங்கள்.

தர்ப்பணத்தின் இடையே, அறிந்தவரும் அறியாதவருமான முன்னோர்க்கெனப் பொதுவாகவும் நீர் விடுகிறோம். எள்ளுப்பாட்டிக்கு இனி அந்த நீரே உரியது. அவர் அங்கே அறிந்தவருள் ஒருவராக நிற்கட்டும் என்று, என் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் அவர் பெயரையும் ஊரையும் எழுதியிருக்கிறேன்.