பதின்மூன்று கேள்விகள்

1693-ஆம் ஆண்டு ஓரியூர் மண்ணில் தம் இன்னுயிரை ஈந்த புனித அருளானந்தர், போர்த்துகல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் பிறந்தவர். அவர் மறைந்து அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அந்நகரம் ஒரே காலைப்பொழுதில் சரிந்து விழுந்தது. பேரிடர் வந்துற்றபோது ஓர் அரசும் வணிகரும் திருச்சபையும் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதற்கு அந்நிகழ்ச்சி இன்றும் ஒரு பாடநூலாக விளங்குகிறது.

1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா. ஆலயங்கள் இறைமக்களால் நிறைந்திருந்தன. பீடங்களில் மெழுகுதிரிகள் சுடர்விட்டன. காலை ஒன்பதரை மணியைக் கடந்த சிறிது நேரத்தில் நிலம் அதிர்ந்தது. சில நிமிடங்களுக்குள் ஆலயங்களும் அரண்மனையும் மாளிகைகளும் இடிந்தன. தப்பியவர்கள் திறந்தவெளியை நாடித் தேகு ஆற்றின் கரைக்கு ஓடினர். முதலில் உள்வாங்கிய நீர், பேரலையாகத் திரும்பி வந்து அவர்களையும் வாரிச் சென்றது. கவிழ்ந்த மெழுகுதிரிகளிலிருந்தும் சமையல் அடுப்புகளிலிருந்தும் பற்றிய தீ, ஏறத்தாழ ஐந்து நாள்கள் நகரைத் தின்றது. அனைத்துப் புனிதர் பெயரைத் தாங்கிய அரச மருத்துவமனையும் எரிந்தது. மாண்டவர் தொகை குறித்து மதிப்பீடுகள் வேறுபடினும், அது பல்லாயிரம் என்பதில் ஐயமில்லை.

மன்னர் முதலாம் ஜோசே உயிர் தப்பினார். ஆயினும், கற்சுவருக்குள் உறங்க அஞ்சி, எஞ்சிய வாழ்நாளைப் பெரிதும் மரத்தால் அமைந்த அரண்மனையிலேயே கழித்தார். ஆட்சிப் பொறுப்பு முழுவதும் அமைச்சர் கார்வாலியோவின் கைக்கு வந்தது. பின்னாளில் பொம்பால் பிரபு என உலகம் அறிந்தவர் இவரே.

அவருடைய செயல்வேகம் வியப்புக்குரியது. கொள்ளைநோய் பரவாதிருக்க, சடலங்களைப் படகுகளில் ஏற்றிக் கடலில் அடக்கம் செய்யத் திருச்சபைத் தலைவரின் இசைவைப் பெற்றார். நிலநடுக்கத்துக்கு முன்பிருந்த விலைக்கே உணவுப் பொருள்களை விற்க வேண்டும் என்று ஆணையிட்டார். உடல் வலிமை உள்ளோர் ஊரைவிட்டு ஓடாதபடி படைவீரர்கள் வழிகளைக் காத்தனர். கொள்ளையடித்தோரைத் தூக்கிலிடக் கழுமரங்களும் எழுந்தன.

கிடங்குகளையும் சரக்குகளையும் இழந்த வணிகர்களும் ஒதுங்கி நிற்கவில்லை. நகரின் மீட்டுருவாக்கத்திற்கென இறக்குமதிப் பொருள்கள் மீது நூற்றுக்கு நான்கு விழுக்காடு கூடுதல் தீர்வை செலுத்த அவர்கள் முன்வந்தனர். பழைய அரண்மனை முற்றம் ‘வணிகச் சதுக்கம்’ என்று இன்றும் வழங்குவது அதன் நினைவாகவே. இங்கிலாந்து நாடாளுமன்றம் 1,00,000 பவுண்டு உதவி வழங்கியது.

நகரை மீண்டும் கட்டும் பணிக்குத் தலைமை ஏற்றவர், எண்பதை நெருங்கியிருந்த பொறியாளர் மனுவேல் த மாயா. நாட்டின் ஆவணக் காப்பகத்துக்கும் அவரே பொறுப்பாளர். இடிந்த கோபுரத்திலிருந்து பழஞ்சுவடிகளை மீட்டவரும் அவரே. திட்டம் உறுதியாகும்வரை எவரும் விருப்பம்போல் வீடு கட்டலாகாது எனத் தடை விதிக்கப்பட்டது. அகன்ற நேர்த்தெருக்கள் வரையப்பட்டன. நிலம் அதிரும்போது சுவர் முற்றிலும் சரிந்துவிடாதவாறு, அதனுள்ளே மரக் கூண்டு போன்ற சட்டம் பொருத்தப்பட்டது. தீ ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தாவாதிருக்கக் கூரைக்கு மேலும் தடுப்புச் சுவர்கள் எழுந்தன.

இவை அனைத்தினும் மேலாக நம் நெஞ்சைத் தொடுவது வேறொரு செயல். நாடெங்குமுள்ள பங்குத் தந்தையர்க்கு 1756-இல் பதின்மூன்று கேள்விகள் அடங்கிய தாள் ஒன்று அனுப்பப்பட்டது. நடுக்கம் எந்நேரம் தொடங்கியது? எவ்வளவு நேரம் நீடித்தது? எத்தனை வீடுகள் இடிந்தன? எத்தனை பேர் மாண்டனர்? கடல் முதலில் உள்வாங்கியதா, பொங்கியதா? நிலத்தில் பிளவுகள் தோன்றினவா? சிற்றூர்ப் பங்குகளின் குருக்கள் தாம் கண்டதையும், தம் மக்கள் கூறியதையும் எழுதி அனுப்பினர். அவ்விடைகள் லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. நிலநடுக்கவியல் என்னும் அறிவுத்துறையின் முன்னோடி முயற்சியாக அறிஞர் அதனைப் போற்றுகின்றனர். அத்துறைக்கு அடித்தளமிட்டோருள் பெயர் தெரியாத நாட்டுப்புறக் குருக்களும் உண்டு என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

இந்த அளவோடு வரலாறு நின்றிருந்தால் பொம்பாலை நாம் தயக்கமின்றிப் பாராட்டலாம். ஆனால் அது நிற்கவில்லை.

பிரேசிலில் நெடுங்காலம் மறைப்பணி புரிந்து லிஸ்பனுக்குத் திரும்பியிருந்த இயேசு சபைக் குரு கபிரியேல் மலகிரிதா, 1756-இல் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். அழிவுக்குக் காரணம் இயற்கையன்று, மக்களின் பாவமே. கட்டடம் எழுப்புவதைவிடத் தவமுயற்சியே முதன்மையானது என்பது அதன் சாரம். துயருற்ற மக்கள் மீது குற்றத்தையும் சுமத்திய அந்தப் போதனையை நாம் ஏற்பதற்கில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவரைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று ஆண்டவர் தெளிவாகவே உரைத்ததை லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மனமாற்றத்துக்கு அவர் விடுத்த அழைப்பு உயிரோடிருந்த அனைவருக்கும் உரியது. மாண்டோர் மீதான தீர்ப்பு அன்று.

எனினும், பிழையான நூலுக்குப் பொம்பால் அளித்த மறுமொழி யாது? முதலில் லிஸ்பனிலிருந்து வெளியேற்றம். 1758-இல் மன்னரைக் கொல்ல முயற்சி நடந்தது. அதனைக் காரணமாகக் காட்டித் தாவோரா உயர்குடியினர் 1759 சனவரியில் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டே இயேசு சபையினர் போர்த்துகலிலிருந்தும் அதன் குடியேற்ற நாடுகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டனர். எழுபது வயதைத் தாண்டிய மலகிரிதா 1761 செப்டம்பரில் பொதுச் சதுக்கத்தில் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். அத்தீர்ப்பை வழங்கிய சமய விசாரணை மன்றத்துக்குத் தலைமை தாங்கியவர் பொம்பாலின் உடன்பிறந்தவரே.

அந்த அதிர்வு நம் மண்ணையும் எட்டியது. அருளானந்தரும் வீரமாமுனிவரும் உழைத்த மதுரை மிஷன், போர்த்துகல் மன்னரின் ஆதரவில் வளர்ந்தது. கோவாவிலிருந்த இயேசு சபையினர் கைதாகிக் கப்பலேற்றப்பட்டபின், புதிய குருக்களின் வரவும் பொருளுதவியும் வற்றின. 1773-இல் அச்சபையே கலைக்கப்பட்டது; 1814-இல் அது மீண்டும் உயிர்பெற்றது. அதன் குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பிய ஆண்டு 1837. இடைப்பட்ட காலத்தில் எத்தனை சிற்றூர்கள் ஒரு திருப்பலிக்காகக் காத்திருந்தனவோ!

1777-இல் மன்னர் இறந்ததும் பொம்பாலின் ஆட்சி முடிந்தது. அரசி முதலாம் மரியா பதவியேற்றதும் நூற்றுக்கணக்கான அரசியல் கைதிகள் சிறையினின்று வெளிவந்தனர். லிஸ்பன் நகரம் அகன்ற தெருக்களுடன் நிமிர்ந்து நின்றது; நிலவறைகளோ தம் கதையை அப்போதுதான் சொல்லத் தொடங்கின.

நெருக்கடி ஓர் அரசை இருமுறை சோதிக்கிறது. உயிரோடிருப்போரைக் காக்கும் திறன் உண்டா என்பது முதற்சோதனை. அதில் பொம்பால் சிறப்பாகவே தேறினார். அந்நாளில் மக்கள் அச்சத்தால் ஒப்படைத்த அதிகாரத்தை, அச்சம் நீங்கியபின் திருப்பித் தரும் மனம் உண்டா என்பது இரண்டாவது சோதனை. அதில் அவர் தோற்றார். கழுமரம் கொள்ளையரோடு நிற்கவில்லை. மாற்றுக் கருத்துடையோரையும் தேடிச் சென்றது.

மலகிரிதாவும் பொம்பாலும் எதிரெதிர்த் துருவங்கள். ஆயினும் தம் விடையே முழுமையானது என்னும் உறுதியில் இருவரும் ஒருவரையொருவர் ஒத்திருந்தனர். அவர்களுக்கு நடுவே, எங்கோ ஒரு சிற்றூரில் இடிந்த வீடுகளை எண்ணி, இறந்தோர் தொகையைக் குறித்து, தாம் கண்டதை மட்டும் எழுதி அனுப்பிய பங்குத் தந்தையரை நினைத்துப் பார்ப்போம். நம் ஊருக்குத் துன்பம் நேரும் நாளில் விளக்கம் கூறவும் பழி சுமத்தவும் பலர் முன்வருவர். அண்டை வீட்டின் வாயிலில் நின்று, “உங்கள் வீட்டில் அனைவரும் நலமா?” என்று கேட்கவும், கேட்டபின் செவிமடுக்கவும் நம்மில் எத்தனை பேர் முன்வருவோம்?